எம்ஜிபிக்கு ஒரு சாமான் வேணும்: ஒரு எஞ்சின் குடும்பமும் மூன்று ஊர்களும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் திருத்தி ஓட வைக்க நினைக்கிற எவருக்கும் முதல் நாளே இரண்டு கேள்விகள் வரும். இதுக்குச் சாமான் எங்க எடுக்கலாம்? எடுத்த பிறகு இதை எவ்வளவு தூரத்துக்கு மேம்படுத்தலாம்? கராஜில் கேட்கப்படுகிற இந்த இரண்டு கேள்விகளையும் நாங்கள் வரலாற்றுக் கேள்விகளாக எடுத்துப் பார்க்க விரும்புகிறோம். ஐம்பது, அறுபது வயதான கார் ஒன்று இன்றைக்கும் ஓடுகிறது எண்டால், அது நல்ல காராகப் பிறந்தது மட்டும் காரணமில்லை. யாரோ அதன் அச்சுகளை உடைக்காமல் வைத்திருந்தார்கள். யாரோ சாமானை எல்லை தாண்ட விட்டார்கள். விடாத இடத்தில் யாரோ கையால் கடைந்தெடுத்தார்கள்.

கலைப்பீடத்தில் இருந்துகொண்டு கார் பற்றி எழுத என்ன இருக்கு எண்டு கேட்கலாம். இறக்குமதிக் கட்டுப்பாடு, பொருளாதாரத் தடை, அனுமதிப்பத்திர முறை எல்லாம் எங்கட பாடக் குறிப்புகளில் வெறும் தலைப்புகளாக வந்து போகின்றன. ஒரு பழைய காரின் பொனற்றைத் திறந்தால் அதே விடயங்கள் இரும்பாகவும் றப்பராகவும் கண்முன்னே கிடக்கின்றன. அதனால் ஒரு எஞ்சின் குடும்பத்தைப் பின்தொடர்ந்து மூன்று ஊர்களுக்குப் போகிறோம்: இங்கிலாந்தின் அபிங்டன், மேற்கு வங்காளத்தின் உத்தரபாரா, எங்கட யாழ்ப்பாணம்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1947 இல், ஒஸ்ரின் கொம்பனி ஏ40 டெவன் என்ற காரை வெளியிட்டது. 1,200 சிசி எஞ்சின், 40 பரிவலு. 1952 இல் அதன் இடத்துக்கு ஏ40 சோமசெட் வந்தது. உருண்டு திரண்ட முகத்தோடு எங்கட தாத்தாமாரின் கலியாணப் படங்களில் நிற்கிற கார் இதுதான்.

அதே 1952 இல் ஒஸ்ரினும், மொறிஸ், எம்ஜி ஆகிய பெயர்களைக் கையில் வைத்திருந்த நபீல்ட் நிறுவனமும் இணைந்து பிஎம்சி எனப்படும் பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் உருவானது. புதிய கூட்டுத்தாபனத்தின் கணக்கு எளிமையானது. கார்கள் பல பெயரில் இருக்கலாம், எஞ்சின்கள் சிலவே போதும். சிறிய காருக்கு ஏ சீரிஸ், நடுத்தரக் காருக்கு பி சீரிஸ், பெரியதுக்கு சி சீரிஸ். இதிலே பி சீரிஸ் பழைய ஏ40 எஞ்சினின் வடிவமைப்பிலிருந்து வளர்ந்தது.

1953 இல் எம்ஜி மக்னெற்றில் 1,489 சிசி அளவில் பி சீரிஸ் அறிமுகமானது. அடுத்த வருடம் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் போனது. 1955 இல் அதே எஞ்சின் எம்ஜிஏ என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் ஏறியது. 1962 இல் 1,798 சிசி ஆகப் பெருத்து எம்ஜிபியில் 95 பரிவலு கொடுத்தது. குடும்பக் காரில் 50 பரிவலு அளவில் நின்ற 1,489 சிசி எம்ஜிஏயில் 70ஐத் தொட்டது. ஒரு காபரேற்றர் இருந்த இடத்தில் இரண்டு எஸ்யூ காபரேற்றர், கொஞ்சம் வேறான கம் ஷாப்ட், கூடிய கொம்பிரஷன்: வித்தியாசம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாமான் தேடுகிறவருக்கு இந்தக் குடும்பக் கதை சும்மா பொழுதுபோக்கு இல்லை. தனியாக வடிவமைக்கப்பட்ட எஞ்சின் கொண்ட கார், கொம்பனி மூடப்பட்ட அடுத்த வருடமே அநாதையாகிவிடலாம். பி சீரிஸ் போல இலட்சக்கணக்கான சாதாரணக் கார்களோடு உறவுள்ள எஞ்சின் என்றால் எங்கோ ஒரு கடையின் தட்டில் ஒரு பெட்டி கிடக்கத்தான் செய்யும். எல்லாச் சாமானும் அப்பிடியே மாறிப் பொருந்தாது, 1,489க்கும் 1,798க்கும் உள்ளே கன வித்தியாசம் இருக்கு. ஆனாலும் ஒன்றைத் திருத்தப் பழகிய கை மற்றதையும் திருத்தும்.

அபிங்டன்: மூடிய தொழிற்சாலை, கிடைத்த அச்சுகள்

எம்ஜிபி 18 வருடம் தயாரிக்கப்பட்டது. 5 இலட்சத்துக்கு மேல் வெளிவந்தன, அவற்றில் பெரும்பாலானவை வட அமெரிக்காவுக்குப் போயின. 1980 ஒக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த நாளிலிருந்து எம்ஜிபி பழைய கார் ஆனது.

அதன் பலவீனம் எஞ்சினில் இருக்கவில்லை, உடம்பில் இருந்தது. பழைய கார்களில் செசி தனி, உடம்பு தனி. எம்ஜிபியில் இரண்டும் ஒன்று. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டுப் பெட்டி, அதாவது சில், காரின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. இங்கிலாந்தின் மழையும் குளிர்காலத்தில் வீதியில் தூவுகிற உப்பும் அந்தப் பெட்டியை உள்ளிருந்து தின்றுவிடும். எஞ்சினை எத்தனை தரமும் பிரித்துப் பூட்டலாம். உடம்பு உக்கினால் என்ன செய்வது?

இதுக்குக் கிடைத்த பதில் பழைய கார்களின் வரலாற்றிலேயே முக்கியமானது. பிரிட்டிஷ் மோட்டர் ஹெரிற்றேஜ் என்ற நிறுவனம், எம்ஜிபி தகடுகளை அழுத்திய பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988 இல் முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. தொழிற்சாலை மூடி எட்டு வருடத்துக்குப் பிறகு துருப்பிடிக்காத புத்தம்புது எம்ஜிபி உடம்பு ஒன்றை ஒருவர் காசு கொடுத்து வாங்கலாம் எண்டு வந்தது. அந்த அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயிருந்தால் இன்று வீதியில் இருக்கும் எம்ஜிபிகளில் கனக்க இருந்திருக்காது. இந்த உடம்பு கிடைத்த தைரியத்தில்தான் ரோவர் நிறுவனமே 1992 இல் எம்ஜி ஆர்வி8 என்ற காரை வெளியிட்டது. செய்யப்பட்ட சுமார் 2,000 கார்களில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது.

அங்கே இன்றைக்குச் சாமான் தேடுகிற ஒருவருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அந்தக் காலத்தில் செய்து பெட்டி பிரிக்காமல் கிடக்கிற பழைய கையிருப்பு. பொருத்தம் சரியாக இருக்கும், ஆனா றப்பர் சாமான் என்றால் பெட்டிக்குள்ளேயே காய்ந்து வெடித்திருக்கும். இரண்டாவது, புதிதாகச் செய்யப்படும் பிரதி. கலிபோர்னியாவில் 1948 இல் தொடங்கிய மொஸ் மோட்டர்ஸ் போன்ற கடைகள் இதில்தான் வளர்ந்தன. விலை குறைவு, ஆனால் தரம் ஆளுக்கு ஆள் மாறும். புதிதாக வாங்கிப் போட்ட ரோட்டர் ஆம், கொண்டென்சர் போன்ற சின்னச் சாமானால் நடு வீதியில் நின்றுபோவது பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்போர் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் அனுபவசாலிகள் கழற்றிய பழையதை எறியாமல் காரிலேயே வைத்திருப்பார்கள். மூன்றாவது, இன்னொரு காரிலிருந்து கழற்றிய சாமான். கிராங்க் ஷாப்ட், கியர் பொக்ஸ், அக்சில் போன்ற பெரிய இரும்புகளுக்கு இதுவே நல்ல வழி.

மேம்படுத்தலுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. புதுசாகக் கார் வாங்கிய ஆள் முதலில் பரிவலுவைக் கூட்டத்தான் ஆசைப்படுவார். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் நிற்கப் பண்ணச் சொல்வார், பிறகு நேராக ஓடப் பண்ணச் சொல்வார், வேகம் கடைசியில். பிரேக் குழாய்கள், றப்பர் புஷ்கள், ஸ்பிரிங், அதிர்வு தாங்கிகள் முதலில். அடுத்தது மின்சாரம்: 1967 வரையிலான எம்ஜிபியில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய கருவி எதையும் பூட்டுவதென்றால் அதை எதிர்முனைக்கு மாற்றியாக வேண்டும். அதுக்குப் பிறகு பிளக்குக்கு நெருப்பு கொடுக்கிற பொயின்ற்றை எடுத்துவிட்டு இலத்திரனியல் முறை. பிரித்தானியாவில் 1999 முடிவோடு ஈயம் கலந்த பெற்றோல் விற்பனை நின்றது. அதனால் எஞ்சின் ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தைக் கடினமான உலோகத்தால் மாற்றுவதும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. பெற்றோல் கொள்கை மாறினால் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கு எண்டதைக் கவனியுங்கோ.

வேகத்துக்கு வந்தால் எம்ஜியின் சொந்த வரலாறே பாடம் சொல்கிறது. 1967 இல் கொம்பனி எம்ஜிபியின் மூக்குக்குள் ஆறு சிலிண்டர் கொண்ட 2,912 சிசி இரும்பு எஞ்சினைப் போட்டு எம்ஜிசி என்று விற்றது. முன்பக்கம் பாரமாகி, வளைவில் திரும்ப மறுக்கிறது என்ற பெயர் வந்தது. 1969 இலேயே அது நின்றுபோனது. அதன் பிறகு கென் கொஸ்ரெலோ என்ற தனி ஆள் ரோவரின் 3,528 சிசி அலுமினிய வி8 எஞ்சினை எம்ஜிபிக்குள் வைத்துக் காட்டினார். அது எட்டு சிலிண்டர் எஞ்சினாக இருந்தும் அலுமினியம் என்பதால் பழைய நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினின் நிறைக்குக் கிட்டவே நின்றது. அவர் செய்ததைப் பார்த்துக் கொம்பனியே 1973 இல் எம்ஜிபி ஜீரி வி8ஐ வெளியிட்டது. 1976 வரை 2,591 கார்கள். பெரிய எஞ்சினைத் தேடும் முன்னர் அது எத்தனை கிலோ எண்டு கேட்கவேணும் என்பதைக் கொம்பனிக்கு ஒரு சின்னக் கராஜ்தான் கற்றுக்கொடுத்தது.

உத்தரபாரா: அனுமதிப்பத்திரத்தில் நீண்ட ஆயுள்

அபிங்டனில் மூடப்பட்ட குடும்பம் இந்தியாவில் வேறு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது. பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ், கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள உத்தரபாராவில் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் மூன்றாம் வரிசையை அம்பாசடர் என்ற பெயரில் 1950களின் இறுதியில் செய்யத் தொடங்கியது. கொஞ்சக் காலத்திலேயே அதற்குள் 1,489 சிசி பி சீரிஸ் எஞ்சின் வந்தது. இங்கிலாந்தில் அந்தக் காரும் எஞ்சினும் கதை முடிந்த பிறகும் இங்கே தொடர்ந்தன.

அது ஏன் அவ்வளவு காலம் நீடித்தது? வெளிநாட்டுக் கார் உள்ளே வரமுடியாது. உள்ளே யார் எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசாங்க அனுமதிப்பத்திரம் தீர்மானித்தது. போட்டி இல்லாத இடத்தில் வடிவம் மாறத் தேவை இருக்கவில்லை. வாங்குகிறவர்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். 1983 இல் மாருதி 800 வந்த பிறகுதான் அந்த நிலை ஆட்டம் கண்டது. ஆனா சாமான் தேடுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே மாறாத்தன்மை ஒரு வரம். நாட்டின் எந்த மூலையிலும் அம்பாசடருக்குச் சாமான் கிடைத்தது, வீதியோர மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டினார்.

மேம்படுத்தலும் அங்கே கொம்பனி வழியாகவே நடந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு 1,800 சிசி எஞ்சினும் ஐந்து கியர் பொக்ஸும் அதே பழைய உடம்புக்குள் ஏறின. 2014 மே மாதத்தில் உத்தரபாராவில் தயாரிப்பு நின்றது. 2017 இல் அம்பாசடர் என்ற பெயர் 80 கோடி இந்திய ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயருக்கு விலை கிடைத்தது. எஞ்சினுக்கு வாங்குவார் இல்லை.

யாழ்ப்பாணம்: தலைகீழ் மேம்படுத்தல்

எங்கட நாட்டில் 1950களில் வந்த பிரித்தானியக் கார்கள் இவ்வளவு காலம் நின்றதுக்கு முதல் காரணம் போர் இல்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. புதுக் கார் வராத நாட்டில் பழைய காரைத் திருத்துவது மட்டுமே வழி. வாகனப் பதிவிலக்கத்திலேயே இந்தக் காலத்தைப் படிக்கலாம். 1957 இல்தான் சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டுக்கு வந்தது, அதை எதிர்த்துத் தமிழர் பகுதிகளில் போராட்டமும் நடந்தது. அதுக்கு முன் பதிவான ஏ40கள் ஆங்கில எழுத்துகளோடேயே ஓடின.

அதே இறக்குமதித் தடை யாழ்ப்பாணத்துக்கு இன்னொன்றையும் செய்தது. வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வராததால் எங்கட தோட்டக்காரருக்கு 1970களில் நல்ல விலை கிடைத்தது. துலா மிதித்த இடத்தில் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. இவற்றில் கனக்க மண்ணெண்ணெயில் ஓடுகிற வகை. கொஞ்சம் பெற்றோலில் இழுத்து ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். வலிகாமத்தில் தோட்டம் செய்த எந்தக் குடும்பத்துக்கும் இது தெரிந்த வேலை. இந்த விபரத்தை மனதில் வைத்திருங்கோ.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அரசாங்கம் பொருளாதாரத் தடையை விதித்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் வந்தது. 1977க்குப் பிறகு வந்திருந்த ஜப்பான் கார்கள் வேகமும் சொகுசும் கூடியவை. ஆனா இந்த நிலைமையில் அவை ஒவ்வொன்றாக மரத்துக்குக் கீழே போய் நின்றன. நாற்பது வயது ஏ40 வெளியே வந்து ஓடியது.

காரணம் கொம்பிரஷனில் இருக்கு. எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் எவ்வளவு நெருக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு வலு கூடும். ஆனா மண்ணெண்ணெய் அந்த நெருக்கத்தைத் தாங்காது. பிளக் மூட்டிய நெருப்பு வந்து சேருவதுக்கு முன்னமே தானாக வெடித்து, பிஸ்டனில் சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். எம்ஜிபியின் கொம்பிரஷன் 8.8க்கு 1. ஏ40 இல் சுமார் 7க்கு 1. அதையும் குறைக்க ஹெட்டுக்குக் கீழே தடித்த காஸ்கட் வைப்பது ஒரு வழி. நெருப்புப் பிடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் பிந்திப்போடுவது இன்னொன்று. அபிங்டனில் பி சீரிஸை ஸ்போர்ட்ஸ் எஞ்சினாக்கச் செய்ததையெல்லாம் இங்கே ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்யவேண்டும். கூட்டியதைக் குறைக்கிற மேம்படுத்தல் இது.

வேறு காரணங்களும் உண்டு. ஏ40 டெவனுக்கும் சோமசெட்டுக்கும் செசி தனியாக இருந்தது. உடம்பு உக்கினாலும் ரிங்கரிங் வேலை தெரிந்த ஆள் தகரத்தை வெட்டி ஒட்டலாம், கார் மடிந்து விழாது. முன்னுக்குக் கைபிடி விட்டுச் சுற்றி ஸ்ரார்ட் பண்ணலாம், அதனால் செத்துக்கொண்டிருக்கிற பற்றரியே போதும். வார்ப்பிரும்பு எஞ்சினின் சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கலாம். ஸ்போர்ட்ஸ் காரில் குறையாகச் சொல்லப்படுகிற பாரம், மந்தம், எளிமை எல்லாம் முற்றுகைக்குள் நன்மையாக மாறின.

இந்த அறிவு யாழ்ப்பாணத்தில்தான் பிறந்தது எண்டு சொல்வது சரியில்லை. 1949 இல் இங்கிலாந்திலேயே பெர்குசன் ரக்ரர் ஒன்று, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய எண்ணெயில் ஓடும்படி விற்கப்பட்டது. அந்த ரக்ரர் எஞ்சினின் உறவுதான் பின்னாளில் ட்ரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. உழவு வயலும் பந்தயப் பாதையும் ஒரே எஞ்சினைப் பகிர்ந்துகொண்டன. எங்கட பக்கத்தில் அந்த அறிவுக்கு இன்னும் கிட்டிய வேர் தோட்டத்து இறைப்பு இயந்திரம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். மோட்டார் சைக்கிள்காரர் சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் பீச்சி உதைத்து ஸ்ரார்ட் பண்ணியதும், பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போனதும் தோட்டக்காரர் வருடக்கணக்காகச் செய்த அதே வேலை. 1970களின் இறக்குமதித் தடை வயலுக்குள் கொண்டுவந்த பழக்கம் 1990களின் பொருளாதாரத் தடைக்குள் வீதிக்கு ஏறியது.

புகழ்வதுக்கு முன்

இந்தக் கதையை எங்கட ஆக்கள் சொல்லும்போது ஒரு பெருமிதம் வரும். தமிழன்ர மூளையைப் பார், மண்ணெண்ணெயில கார் ஓட்டினவன் எண்டு. பெருமைப்பட அதில் நியாயம் இருக்கு. ஆனா அதோடு நிறுத்தினால் அரைவாசிக் கதைதான்.

மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழிந்து சம்ப்பில் உள்ள எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தேத்தண்ணி மாதிரி நீர்த்துவிடும். நீர்த்த ஒயில் பெயாரிங்குகளைத் தின்னும். மாற்றுவதுக்குப் புதுப் பெயாரிங் இல்லை, ஏனென்றால் அதுவும் தடை. புதுப் பிளக் இல்லை. கார் ஓடிய ஒவ்வொரு மைலும் அதன் சொந்த உடம்பிலிருந்து கழிக்கப்பட்டது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களும் மனிதர்கள்தான். வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போன கர்ப்பிணிக்கு அந்தக் கார் தொடங்குமா, இடையில் நிற்குமா என்பது ஒரு கண்டுபிடிப்பின் கதையாக இருந்திருக்காது.

அபிங்டன்காரர் விரும்பி மேம்படுத்தினார். உத்தரபாராவில் சட்டம் மாறும்போது கொம்பனி மேம்படுத்தியது. யாழ்ப்பாணத்தில் வேறு வழியில்லாமல் செய்தார்கள். மூன்றையும் ஒரே சொல்லால் புகழும்போது தடையை விதித்த கை கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. திறமையைப் பாராட்டுகிற கட்டுரை, அந்தத் திறமையை ஏன் கோர வேண்டிவந்தது எண்ட கேள்வியையும் வைத்திருக்க வேண்டும்.

தடை கராஜ்களுக்குள் என்ன செய்தது எண்டு நினைத்துப் பாருங்கோ. மின்சாரம் இல்லாத ஊரில் கடைசல் இயந்திரத்தைச் சுற்ற ஜெனரேற்றர் வேணும். ஜெனரேற்றருக்கு அதே மண்ணெண்ணெய் வேணும். அப்போ எந்தச் சாமானைக் கடைவது, எதைக் கையால் அராவுவது, எந்தக் காரைத் திருத்துவது, எந்தக் காரைச் சாமானுக்காக உடைப்பது எண்டு ஒவ்வொரு நாளும் யாரோ முடிவெடுத்திருக்க வேண்டும். ஒரு கார் ஓட இன்னொரு கார் சாக வேண்டியிருக்கும். அந்த முடிவுகளைப் பற்றி எங்கட வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு வரியும் நாங்கள் வாசித்ததில்லை.

யார் எழுதி வைப்பது

இந்தத் தலைமுறைக்கும் இது முழுக்கப் பழங்கதை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்றோம், பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் எண்டு அடித்தோம். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டிலுள்ள பழைய கார்களின் விலை எங்கே போனது எண்டு எல்லோருக்கும் தெரியும். சாமான் தேடுவதும், பிரதியா ஒரிஜினலா எண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், இன்னொரு மொடலின் சாமானை வெட்டிப் பொருத்துவதும் மறுபடியும் அன்றாட வேலையாகின.

எம்ஜிபிக்கு அச்சு இருக்கு, வரைபடம் இருக்கு, அதைப் பாதுகாக்கிற நிறுவனமும் நூதனசாலையும் இருக்கு. யாழ்ப்பாணத்து ஏ40க்கு இருந்த வரைபடம் சில மனிதர்களின் கையிலும் நினைவிலும்தான். 1990 இல் முப்பது வயதில் ஸ்பானர் பிடித்தவர் இன்றைக்கு அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். சிலர் புலம்பெயர்ந்துவிட்டார்கள். சிலர் 1995 இடப்பெயர்வோடு பட்டறையையே விட்டுவிட்டுப் போனார்கள். போர்க்கால வாழ்க்கை பற்றிய வாய்மொழி வரலாறுகளைச் சேகரிப்பவர்கள் போராளியிடம் போகிறார்கள், பாதிக்கப்பட்டவரிடம் போகிறார்கள், ஆசிரியரிடமும் போகிறார்கள். போகத்தான் வேண்டும். மெக்கானிக்கிடமும் கடைசல்காரரிடமும் போனவர்கள் குறைவு.

இது பெரிய ஆய்வு நிதி தேவைப்படுகிற வேலை இல்லை. ஒரு தொலைபேசியும் ஒரு பின்னேரமும் போதும். உங்கட ஊரில் அந்தக் காலத்தில் கராஜ் வைத்திருந்த ஐயா ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் "அந்த நேரம் எப்பிடி இருந்தது" எண்டு கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சாமானிலிருந்து தொடங்குங்கோ. எந்தக் காரின் எந்தச் சாமான் முதலில் தீர்ந்தது? அதை எதிலிருந்து செய்தீர்கள்? காஸ்கட்டை எதால் வெட்டினீர்கள்? பிரேக்குக்கு றப்பர் எங்கால வந்தது? அந்தக் கார் பிறகு எத்தனை மாதம் ஓடியது? கூலி காசாக வந்ததா, அரிசியாக வந்ததா? வேலை பழக நின்ற பெடியள் இப்போ எங்க? எந்தக் காரை உடைத்தீர்கள், அது யாருடையது? செய்த சாமான் ஏதும் இன்னும் பட்டறையில் கிடந்தால் பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கோ. என்ன உலோகம், எந்த வருடம், எந்தக் கார் எண்டு அதன் கீழேயே எழுதுங்கோ.

எங்கட குழுவில் இதைத் தொடங்க விருப்பமுள்ளவர்கள் சேர்ந்தால், ஊருக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு முதலில் பத்துப் பேரிடமாவது கேட்கலாம். அம்பாசடரின் பெயருக்கு 80 கோடி கொடுக்க ஆள் இருந்தது. இந்த அறிவை வாங்க எவரும் வரப்போவதில்லை. கேட்டு எழுதினால் மட்டும்தான் அது மிஞ்சும்.